கைதட்டி வழியனுப்பிய ஆயிரத்து அறுநூறு படங்கள்

எனக்குத் தற்பெருமை உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிலருக்குச் சமையலில் இருக்கும், சிலருக்குத் தலைமுடியில் இருக்கும். எனக்கு அது கறுப்புத் திரையில் இருந்தது.

கணினியில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு வகை. மவுஸைப் பிடித்துக் கோப்புகளை அங்கிருந்து இங்கே இழுத்துப் போடுகிறவர்கள் ஒரு வகை. கறுப்புத் திரையைத் திறந்து, எழுத்தாலேயே கட்டளை அடித்து, கண்காணாத ஊரில் இருக்கும் ஒரு செர்வருக்குள் புகுந்து, அங்கே இருக்கிற கோப்புகளை நகர்த்துவது, அழிப்பது, பெயர் மாற்றுவது எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்கிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முதல் வகைக்காரர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு சின்னப் புன்னகை வரும். (அந்தப் புன்னகையை நினைத்தால் இப்போது எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.)

இது நடந்து ஏழு வருடம் இருக்கும். எனக்குக் கல்யாணமாகி நாலாவது மாதம். நான் திருநெல்வேலிக்காரி. வாக்கப்பட்டது திருவனந்தபுரத்தில், நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து சாலை பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் குடும்பத்தில். கணவருக்குக் கொச்சியில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். நான் மாமனார், மாமியார், கல்லூரியில் படிக்கும் நாத்தனார் ரம்யா மூவரோடும் இருந்துகொண்டு, கழக்கூட்டம் பக்கம் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். 'கம்ப்யூட்டர் படிச்ச மருமக' என்று மாமா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

கடைக்கு ஒரு இணையதளம் வேண்டும், கீல் முதல் குழாய் வரை எல்லாச் சாமானும் படத்தோடு அதில் இருக்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. தளம் என் பொறுப்பு. படம் எடுப்பது யார்? "நான் எடுக்கேன்" என்றார் என் மாமியார் பகவதி அத்தை. முப்பது வருடத்தில் அந்தக் கடை விஷயத்தில் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை என்று பின்னால் ரம்யா சொன்னாள். கடைப் பக்கம் அவர் போனதே இல்லை. 'அங்க லோடு வரும், கூட்டமா இருக்கும், உனக்கு எதுக்கு' என்று மாமா சொல்லிச் சொல்லி அது வீட்டில் சட்டமாகிவிட்டிருந்தது.

ஆகவே கடை வீட்டுக்கு வந்தது. கடையில் வேலை பார்க்கும் சுடலை அண்ணன் தினமும் காலையில் ஒரு கூடை நிறையச் சாமான் கொண்டுவந்து இறக்குவார். அத்தை மொட்டை மாடியில் ஒரு நீலப் போர்வையை விரித்து, ஒவ்வொன்றையும் துடைத்து வைத்துத் தன் செல்போனில் படம் எடுப்பார். எடுத்ததும் அதற்குப் பெயர் போடுவார். 'டோர் ஹிஞ்ச் பிராஸ் ஃபோர் இன்ச்' என்று ஆங்கிலத்தில், ஒரு எழுத்துப் பிசகாமல். மாலையில் அண்ணன் வந்து கூடையை எடுத்துப் போவார். இப்படி மூன்று மாதம். மொத்தம் ஆயிரத்து அறுநூற்று நாற்பது படங்கள்.

அத்தையின் போன் நிரம்பி வழிந்து, 'இடமில்லை, இடமில்லை' என்று அலற ஆரம்பித்தது. நான்தான் உதவிக்குப் போனேன். எல்லாவற்றையும் என் லேப்டாப்புக்கு ஏற்றி, அங்கிருந்து தளத்துக்காக வாடகைக்கு எடுத்திருந்த செர்வருக்கு அனுப்பினேன். பிறகு போனில் இருந்ததை அழித்தேன். போனின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். லேப்டாப்பில் வழியில் தங்கியிருந்த பிரதியையும் துடைத்தேன். (என் அம்மா என்னைச் சுத்தமாக வளர்த்திருந்தார்.) ஆக, மூன்று மாத உழைப்பு இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருந்தது.

அடுத்த ஞாயிறு கிள்ளிப்பாலத்தில் ஒரு மண்டபத்தில் சாலை பஜார் வியாபாரிகளின் குடும்பச் சந்திப்பு. அங்கே பெரிய திரையில் எங்கள் தளத்தைத் திறந்து காட்டுவதாக ஏற்பாடு. திறந்துவைப்பது பகவதி அத்தை. அதற்காக அவர் ஒரு புடவை எடுத்து, ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தார்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. காலைப் பலகாரம் முடிந்து எல்லோரும் கூடத்தில் இருந்தோம். மாமாவைப் பார்க்கப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். கணவர் அந்த வாரம் வரவில்லை. (கடவுள் எப்போதும் அவர் பக்கம்தான்.)

"எம்மா கோமதி, படமெல்லாம் பத்திரமா இருக்குல்லா?" என்று மாமா கேட்டார்.

இருக்கிறது மாமா என்று சொல்லிவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

"பத்திரமா இருக்கு மாமா. இப்பமே உங்க கண்ணு முன்னால ஒரு காப்பு எடுத்துக் காட்டுதேன்" என்றேன். பேக்கப் என்று சொன்னால் மாமாவுக்குப் புரியாது என்று நானே தமிழ்ப்படுத்திக்கொண்டேன். லேப்டாப்பை எடுத்து வந்து டிவியோடு இணைத்தேன். ஆளுயர டிவி முழுக்கக் கறுப்புத் திரை. மூலையில் ஒரு வெள்ளைக் கட்டம் துடித்தது. பக்கத்துக் கடைக்காரரின் மனைவி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணி, மவுஸ் வெச்சு அப்படியே இழுத்துப் போட்டுக்கலாம்லா?" என்றாள் ரம்யா.

அந்தப் புன்னகை என் முகத்தில் வந்தது. "அதெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு ரம்யா" என்றேன்.

இங்கே தொழில் விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், கொஞ்சம்தான். ஆர்சிங்க் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு கணினியில் இருக்கும் கோப்புகளை இன்னொரு கணினியில் அச்சு அசலாக அப்படியே கொண்டுவந்து வைக்கும். அதற்கு இரண்டு முகவரி கொடுக்க வேண்டும். எங்கிருந்து என்பது முதலில், எங்கே என்பது அடுத்து. கடைசியில் 'டெலீட்' என்று ஒரு வாலும் ஒட்டலாம். ஒட்டினால், முதல் இடத்தில் இல்லாத எதுவும் இரண்டாம் இடத்தில் இருக்கக் கூடாது என்று அர்த்தம். இருந்தால் அழித்துவிடும். 'நிஜமாகவா? யோசித்துச் சொல்' என்றெல்லாம் அது கேட்காது. நம்மை முழுக்க நம்பும். அதுதான் ஆபத்து.

எனக்கு அந்த வால் தேவையே இல்லை. ஆனால் கட்டளை நீளமாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று ஒட்டினேன். அடுத்து, செர்வரிலிருந்து லேப்டாப்புக்கு என்று எழுத வேண்டியதை, பேச்சு சுவாரசியத்தில் லேப்டாப்பிலிருந்து செர்வருக்கு என்று எழுதினேன். லேப்டாப்பில் படம் வைக்கும் கோப்புறை, மேலே சொன்னபடி, துடைத்துவைத்த பாத்திரம் போல இருந்தது. அதாவது நான் கொடுத்த உத்தரவு இதுதான்: 'இங்கே ஒன்றுமே இல்லை. அங்கேயும் ஒன்றுமே இல்லாமல் ஆக்கு.'

"பாருங்க மாமா" என்று சொல்லி, வீணை வாசிப்பவள் மாதிரி சுண்டுவிரலை நீட்டி என்டர் பொத்தானைத் தட்டினேன்.

திரையில் வெள்ளை வரிகள் பாய்ந்தன. கீழிருந்து மேலாக, கண் தொடர முடியாத வேகத்தில். டோர் ஹிஞ்ச், டவர் போல்ட், பேட்லாக், வாஷர், டேப். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. ஓட்டம் நின்றது.

"அடேயப்பா!" என்றார் மாமா. "இந்த ஓட்டம் எந்த வண்டியும் ஓடாதுவே!" என்று பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கைதட்டினார். அவர் தட்டினார். அவர் மனைவி தட்டினார். நானும் புன்னகையோடு திரும்பி டிவியைப் பார்த்தேன்.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரே சொல். டெலீட்டிங். டெலீட்டிங். டெலீட்டிங்.

புன்னகை முகத்தில் அப்படியே மாட்டிக்கொண்டது. எப்படிக் கழற்றுவதென்று தெரியவில்லை.

"அண்ணி, டெலீட்டிங்னு வந்திருக்கே?" என்றாள் ரம்யா.

"அது... பழைய எடத்துலேர்ந்து எடுத்துட்டு... புது எடத்துல வைக்கும்லா... அதான் அப்படிப் போடும்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக அவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னதில்லை. மாமா தலையை ஆட்டினார். "சரிதானே! எடுத்தால்லா வைக்க முடியும்!"

அத்தை காய்ந்த துணியை மடிக்க வேண்டும் என்று எழுந்து மாடிக்குப் போனார்.

நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கணவருக்குப் போன் செய்து முழுவதையும் சொன்னேன். "கோமதி, நீ இப்போ எனக்குப் போன் பண்ணல. நான் எதையும் கேக்கல. அம்மாகிட்ட நீயே சொல்லிரு" என்றார். லைன் துண்டானது. என் திருமண வாழ்க்கையின் முதல் ஆலோசனை அது. நான் அதைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஷீபாவிடம் ஓடினேன். ஷீபா எங்கள் கம்பெனியில் செர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவள். கொல்லத்துக்காரி. நான் சொல்லி முடிக்கும்வரை சாயாவைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"அதில் ரீசைக்கிள் பின் ஏதாச்சும் இருக்குமா ஷீபா?"

"ரீசைக்கிள் பின்னோ?" என்று சிரித்தாள். "எடீ, அதொந்நும் அவிடெ இல்ல. போயது போயி." போனது போனதுதானாம்.

செர்வர் வாடகைக்கு விட்டவர்களைக் கூப்பிட்டேன். ஒரு பெண் மிக இனிமையாகப் பேசினாள். தினசரிப் பிரதி எடுத்துவைக்கும் வசதி உண்டாம், மேடம். ஆனால் பதிவு செய்யும்போது அந்தக் கட்டத்தில் 'வேண்டாம்' என்று யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம், மேடம். அந்த யாரோவின் பெயரையும் வாசித்துக் காட்டினாள். என் பெயர்தான். இன்ஷியலோடு.

அன்று மதியம் கேன்டீனில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். ஞாயிறு வர ஆறு நாள் இருக்கிறது. சாமான்களெல்லாம் கடையில் இருக்கின்றன. என்னிடம் செல்போன் இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் ஆயிரத்து அறுநூற்று நாற்பதையும் திரும்ப எடுத்துவிடுவேன். எடுத்தே தீருவேன். ஷீபாவிடம், இந்த வாரம் முழுக்க எனக்கு வயிற்றுவலி என்று மேலாளரிடம் சொல்லிவிடச் சொன்னேன். (பாதி உண்மை.)

செவ்வாய்க்கிழமை காலை, "படத்துக்குப் பக்கத்துல அளவு போடணும், கடைக்கு வந்து சரிபார்க்கணும் மாமா" என்றேன். கணினி சம்பந்தப்பட்ட காரியம் என்றால் மாமா எதையும் மறுக்க மாட்டார். கடையில் சுடலை அண்ணன் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்.

"என்ன எடுக்கட்டும் பிள்ளே?"

"முதல்ல கீல் எடுங்க அண்ணே."

"எந்தக் கீலு?"

"கதவுக் கீல்தான்."

"வாசக்கதவா, அலமாரிக் கதவா, கேட்டா? பித்தளையா, இரும்பா, ஸ்டீலா? மூணு இஞ்சா, நாலா, அஞ்சா? வலது கையா, இடது கையா?"

கீலுக்குக் கை உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "எல்லாம்" என்றேன். அண்ணன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறினார்.

மதியம் ஒன்றரை வரை எடுத்தேன். மொத்தம் அறுபத்தொன்று. அதில் பதினெட்டு ஒரே கீல். (திருப்பி வைத்தால் வேறு மாதிரித் தெரிகிறது, நான் என்ன செய்ய?) வெளிச்சம் சரியில்லை. பாதிப் படத்தில் என் நிழல், மீதியில் என் கட்டைவிரல். நடுவே ஒரு வாடிக்கையாளர் உள்ளே எட்டிப் பார்த்து, "சேச்சி, விஜாகிரி உண்டோ?" என்றார். "அப்படி யாரும் இங்க வேலை பாக்கலீங்க" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போனதும் ஏணி உச்சியிலிருந்து சுடலை அண்ணன் மெதுவாகச் சொன்னார். "பிள்ளே, மலையாளத்துல விஜாகிரின்னா கீலு. காலையிலேர்ந்து நீ கையில வச்சிருக்கது அதான்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த வேகத்தில் போனால் அடுத்த மாதம்தான் முடியும் என்று கணக்கு சொன்னது. ஆனாலும் எழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, அடுத்த டப்பா" என்றேன்.

அப்போதுதான் கடை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பகவதி அத்தை இறங்கினார். ஒரு கையில் டிபன் கேரியர், இன்னொரு கையில் துணிப்பை. சாலை தெருவின் வண்டி, மூட்டை, சத்தம் எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு நேராகக் கடைக்குள் வந்தார். மாமா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். இருவரும் வழியில் மாறிவிட்டிருந்தார்கள். சுடலை அண்ணன் ஏணியில் பாதியில் நின்றார். இறங்குவதா ஏறுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அத்தை கேரியரை என் பக்கத்தில் வைத்தார். "எத்தனை ஆச்சு?"

"அளவா அத்தை? அளவு ஒரு அறுபது..."

"அளவு இல்ல. படம்."

என் கையிலிருந்த கீல் கீழே விழுந்தது. அது வலது கையா இடது கையா என்று ஞாபகமில்லை.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"ஏன் தெரியாது?" அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் உயரவில்லை, அதுதான் அதிகம் பயமாக இருந்தது. "நான் பி.ஏ. இங்கிலீஷ் படிச்சவ. கல்யாணத்துக்கு முந்தி நாகர்கோயில்ல மூணு வருஷம் காலேஜ் போனவ. ஆளுயர டிவியில டெலீட்டிங் டெலீட்டிங்னு ஓடினா எனக்கு வாசிக்கத் தெரியாதா? ஒவ்வொண்ணும் நான் துடைச்சு, நான் பேரு போட்டது. பேரைச் சொல்லிச் சொல்லி ஒவ்வொண்ணா போச்சு. உங்க மாமா கைதட்டுகாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் துணி மடிக்கப் போனேன்லா? அங்க என்ன துணியா மடிச்சேன்?" என்றார். "நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். திங்கக்கிழமை பூரா பார்த்தேன். இன்னிக்கிக் காலையில ரெண்டு தோசை கூடப் போட்டுப் பார்த்தேன். தோசையைத் தின்னுட்டு, அளவு எடுக்கப் போறேன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கே."

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அந்த ஹார்டுவேர் கடையின் நடுவில், ஆணி டப்பாக்களுக்கு மத்தியில், கேவிக் கேவி அழுதேன். "மன்னிச்சிருங்க அத்தை. பயந்துட்டேன். எல்லாத்தையும் திரும்ப எடுத்து வச்சிட்டு சொல்லலாம்னு..."

"எடுத்த படத்தைக் காட்டு" என்றார். போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அவர் முகத்தில் ஏமாற்றம் போய் வேறு ஒரு வலி வந்தது. "இது என்னது, கீலா, உன் கட்டைவிரலா? சவம், இதை எவன் வாங்குவான்?"

துணிப்பையிலிருந்து அந்த நீலப் போர்வையை எடுத்து உதறினார். "தின்னுட்டு எந்திரி. நான் எடுக்கேன், நீ பேரு போடு. சுடலை, கீழ இறங்கு. வாசல் பக்கம் வெளிச்சம் இருக்கு, ரெண்டு டப்பாவை அங்க வை." பிறகு என்னிடம் திரும்பி, "ஒண்ணு சொல்லிட்டேன் கேட்டியா. ஞாயித்துக்கிழமை மேடையில ஏறி, என்ன நடந்ததுன்னு நீதான் சொல்லணும். உன் வாயால, எல்லாருக்கும் முன்னால. அது முடியும்னா நான் இங்க உட்காருதேன்."

"முடியும் அத்தை" என்றேன். அந்த நேரத்தில் மேடையில் ஏறிக் குட்டிக்கரணம் அடி என்றாலும் முடியும் என்றிருப்பேன்.

நாலு மணிக்கு மாமா வந்தார். கடைவாசலில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின் மேல், முப்பது வருடமாக வீட்டில் இருந்த தன் மனைவி உட்கார்ந்து ஒரு பூட்டைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"பகவதி?"

"ஆமா, நான்தான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

மாமா தள்ளி நின்றார். "இல்ல... படமெல்லாம்தான் எடுத்தாச்சே?"

"பழைய படம் சரியில்ல. திருப்பி எடுக்கோம்" என்றார் அத்தை, தலையை உயர்த்தாமல்.

அன்றிலிருந்து சனிக்கிழமை வரை நாங்கள் மனுஷர்களாக இல்லை. காலை கடை திறக்கும்போதே போய்விடுவோம். அண்ணன் எடுத்து நீட்டுவார், அத்தை துடைத்து வைத்துச் சொடுக்குவார், நான் பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துப் பெயர் போடுவேன். முதல் மூன்று மாதத்தில் அத்தை என்னென்ன கற்றுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பித்தளைக்கு எந்தக் கோணம், ஸ்டீல் மின்னாமல் இருக்க எந்தப் பக்கம் துணி பிடிப்பது, எல்லாம் கை தானாகச் செய்தது. நிமிடத்துக்கு ஒரு படம் விழுந்தது. "சொல்லப்போனா முதல்ல எடுத்த ஐந்நூறு எனக்கே பிடிக்கல" என்று வியாழக்கிழமை ஒருதரம் முணுமுணுத்தார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்கவில்லை.

அதே வியாழக்கிழமை மழை பிடித்தது. கரண்டும் போனது. அத்தை விடவில்லை. வாசலில் படுதாவைத் தாழ்த்திக் கட்டி, அதன் கீழே உட்கார்ந்தார். எதிர்க்கடையில் லோடு இறக்கிக்கொண்டிருந்த சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் மழைக்கு ஒதுங்கி எங்கள் பக்கம் வந்து, என்ன நடக்கிறது என்று நெடுநேரம் பார்த்தார். "சேச்சி, என்றெ போட்டோகூடி ஒரெண்ணம்" என்று தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். அத்தை அவரையும் எடுத்தார். நான் அசதியில் அதற்கும் 'ஹேமர் கிளா டைப்' என்று சுத்தியலின் பெயரைப் போட்டுவிட்டேன். (பிறகு கண்டுபிடித்து நீக்கினோம்.) வெள்ளிக்கிழமை கோடவுன் மூலையில், கோயில் கதவுக்குப் போடுகிற பெரிய பித்தளைத் தாழ்ப்பாள்கள் ஒரு பெட்டி நிறையக் கிடைத்தன. அப்படி ஒன்று இருப்பதே மாமாவுக்கு மறந்துபோயிருந்தது. "இதையும் போடு" என்றார் அத்தை.

சனிக்கிழமை மதியம் கடைசி வாஷரை எடுத்து முடித்தோம். ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு. இழந்ததைவிட எழுபத்திரண்டு அதிகம். என் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்ப மறுத்தது. அத்தையின் விரல்களில் துருவும் எண்ணெயும் ஏறி, எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை.

இனி செர்வருக்கு அனுப்ப வேண்டும். என் லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவ் ஒன்றில் இன்னொன்று என்று வைத்த பிறகுதான் கறுப்புத் திரையைத் திறந்தேன்.

"மவுஸ் வெச்சு இழுத்துப் போட்டிரட்டுமா அத்தை?" என்றேன்.

"எதுக்கு? விழுந்த எடத்துலதான் எந்திரிக்கணும். அன்னிக்கு அடிச்சதையே அடி. சரியா அடி" என்றார்.

அடித்தேன். இந்தத் தடவை வால் ஒட்டவில்லை. எங்கிருந்து, எங்கே என்று இரண்டு முறை வாய்விட்டு வாசித்தேன். அந்தக் கட்டளைக்கு ஒத்திகை பார்க்கும் வசதி ஒன்றும் உண்டு. என்னென்ன செய்யப்போகிறேன் என்று செய்யாமலே பட்டியல் போட்டுக் காட்டும். எனக்கு அது எப்போதும் தெரியும். கோழைகளுக்கு என்று நினைத்திருந்தேன். ஒத்திகை போட்டேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாக வாசித்தார். ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு வரி. வாசிக்க அவருக்கு முழு உரிமை இருந்தது.

"டெலீட்டிங்னு ஒண்ணுகூட இல்ல" என்றார் கடைசியில். நான் ஒத்திகையை நீக்கிக் கட்டளையை மறுபடி அடித்ததும், என் கையை விலக்கிவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த ஆள்காட்டி விரலால் அவரே என்டரைத் தட்டினார்.

ஞாயிறு மாலை மண்டபம் நிறைந்திருந்தது. அத்தை புதுப் புடவையில் போய்த் தளத்தைத் திறந்துவைத்தார். பெரிய திரையில் பித்தளைத் தாழ்ப்பாள் தகதகவென்று வந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு 'ஓ' எழுந்தது. பிறகு அத்தை ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார். அவர் கண்ணில் இரக்கம் இல்லை. ஒப்பந்தம் மட்டும் இருந்தது.

அதை வாங்கிக்கொண்டு மேடையில் ஏறினேன். மாமா முதல் வரிசையில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மாத உழைப்பு, ஒட்டிய வால், மாற்றி எழுதிய முகவரி, சொன்ன பொய், அறுபத்தொரு கீல். 'விஜாகிரி இங்கே வேலை பார்க்கவில்லை' என்ற இடத்தில் மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. நான் முடிப்பதற்குள் மாமா மெதுவாக எழுந்து நின்றார்.

"எம்மா, அப்போ அன்னிக்கு நான் கைதட்டினது?"

"அழிஞ்சதுக்குத்தான் மாமா."

பின்வரிசையிலிருந்து யாரோ உரக்கக் கத்தினார்கள். "இப்போ ஒருக்கா தட்டும் ஓய், வந்ததுக்கு!"

மாமா திரும்பி மேடையில் நின்ற மனைவியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தட்டினார். மண்டபம் முழுக்க அவரோடு சேர்ந்து தட்டியது. அத்தை புடவைத் தலைப்பால் விரலை மறைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் திங்கட்கிழமை நான் வேலைக்குக் கிளம்பும்போது அத்தையும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "எங்க அத்தை?" என்றேன். "கடைக்கு. அந்த வாஷரெல்லாம் கலந்து கிடக்கு" என்றார். மாமா குடையை எடுத்து நீட்டினார். அத்தை இன்றும் போகிறார். எந்தக் கீல் எந்தக் கை என்பதை இப்போது சுடலை அண்ணனே அவரிடம்தான் கேட்கிறார்.

என் நிலைமைதான் மாறவில்லை. வீட்டில் ஏதாவது காணாமல் போனால், அது சீப்பாக இருந்தாலும் சரி, சேமியா பாக்கெட்டாக இருந்தாலும் சரி, "கோமதி காப்பு எடுத்திருப்பா" என்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன வருடம் ரம்யாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பாலம் கட்டுகிற பொறியாளர். கணினிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. பஜ்ஜி, காப்பி எல்லாம் முடிந்தது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, ஒரே ஒரு கேள்வி. கம்ப்யூட்டர்ல ஒரு சாமானை ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்கு அனுப்பணும். எதை முதல்ல எழுதுவீங்க?"

அறையில் எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். மாப்பிள்ளை கொஞ்சமும் தயங்கவில்லை.

"எங்க இருந்துங்கிறதை முதல்ல மாமா. எங்கேங்கிறது ரெண்டாவது. அதுக்கும் முன்னால ஒருக்கா ஒத்திகை பார்ப்பேன்."

"நாள் பார்த்திரலாம்" என்றார் அத்தை.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்த அன்றுதான் மாப்பிள்ளை என்னிடம் உண்மையைச் சொன்னார். பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாளே ரம்யா, அப்பா என்ன கேட்பார் என்று சொல்லிப் போனில் விடையை அனுப்பி, மனப்பாடம் செய்யச் சொன்னாளாம். அதன் கீழே ஒரு வரியும் எழுதியிருந்தாளாம்: 'தயவுசெஞ்சு எங்க அண்ணி மாதிரி மாத்திச் சொல்லிராதீங்க.'